எல்லாம் தெரியும் வங்கிக்கு... பணம் போனால் மட்டும் கைவிரிப்பு!

கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 68. மாதம் பிறந்தால் பென்ஷன் வந்து விழும். அடுத்த நாலைந்து நாளில் கேஸ், கரன்ட் பில், மருந்துக்கடை, பால் கணக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். தீபாவளிக்கு முன்னால் பேரனுக்கு ஐயாயிரம். அதைத் தாண்டி அந்தக் கணக்கில் சலசலப்பே கிடையாது. பல வருடமாக ஒரே செல் நம்பர், நான்கு வருடமாக ஒரே போன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.20 மணிக்கு அந்தக் கணக்கில் இருந்த 9 லட்ச ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட், முதிர்வுக்கு ஒன்றரை ஆண்டு இருக்கும்போதே உடைக்கப்படுகிறது. 11 மணிக்குப் புதிதாக ஒரு பெயர் பயனாளியாகச் சேர்கிறது. அந்தப் பெயரின் கணக்கு வேறொரு மாநிலத்தில், இரண்டு மாதத்துக்கு முன்னால் திறந்தது. 11.40-க்கு 9 லட்சமும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் கிளம்புகிறது. இவ்வளவு நேரமும் டீச்சரின் போனில் ஒரு வீடியோ கால் துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. “போனை வைக்கக் கூடாதும்மா, வீட்டில யார்கிட்டயும் பேசக் கூடாது, வெரிஃபிகேஷன் முடிஞ்சதும் பணம் அப்படியே திரும்பி வந்துடும்” என்கிறது மறுமுனையில் ஒரு காக்கிச் சட்டை. “சரிங்க சார்” என்கிறார் இவர்.

பாஸ்வேர்டு சரி. ஓடிபி சரி. போன் அவருடையதுதான், தொட்ட விரலும் அவருடையதுதான். வங்கியின் கணினி எதிலும் குறை காணவில்லை.

டீச்சருக்கு அன்று தெரியாமல் போனது ஒன்றுதான்: எதிரில் பேசுவது போலீஸ் இல்லை. வங்கிக்கோ மற்ற அத்தனையும் தெரியும். அவர் வயது தெரியும். எட்டு வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டி ஒரே நாளில் அனுப்பியதில்லை என்பது தெரியும். டெபாசிட்டை உடைத்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை என்பது தெரியும். பணம் போய்ச் சேரும் கணக்கின் வயது, அது இருக்கும் வங்கி கேட்டால் சொல்லிவிடும். போனில் அழைப்பு ஓடுகிறதா என்பதைக்கூடச் செயலியால் கண்டுபிடிக்க முடியும். இவ்வளவையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

டீச்சர் கற்பனைதான். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்ற பெயரில் நடக்கும் கொள்ளையோ ஊரும் தொகையும் மட்டும் மாறி இதே நடையில்தான் நடக்கிறது. சட்டத்தில் அப்படி ஓர் அரெஸ்டே கிடையாது என்று 2024 அக்டோபர் 27-ம் தேதி ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமரே சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரே ஆண்டில் சைபர் மோசடிகளில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு!

மோசடியைத் தடுக்கத்தான் உங்கள் தகவல்களைச் சேகரிக்கிறோம் என்று எல்லா வங்கியும், எல்லாப் பேமென்ட் செயலியும் சொல்கின்றன. என்னதான் சேகரிக்கிறார்கள், அதை வைத்து என்ன செய்கிறார்கள், தடுக்கத் தவறினால் யார் பதில் சொல்வது?

30 ரூபாய்க்குள் இத்தனை சங்கதி

டீக்கடையில் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து 30 ரூபாய் அனுப்புகிறீர்கள். கடைக்காரரின் சவுண்ட் பாக்ஸ் கூவுவதற்குள் உங்கள் போனிலிருந்து கிளம்பிய செய்தியில் தொகையும் கடையின் முகவரியும் மட்டும் இல்லை. உங்கள் செல் நம்பர், நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஊர்ப் பெயர், இணைய முகவரியான ஐ.பி. எண், போனின் அடையாள எண், அதில் ஓடும் மென்பொருளின் பெயர், எந்தச் செயலி வழியாக வருகிறது என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. யுபிஐ செய்தியின் அமைப்பிலேயே இவற்றுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. பின் நம்பர் மட்டும் தனிப்பிறவி. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகமான என்.பி.சி.ஐ. கொடுத்த மென்பொருள் அதைப் போனுக்குள்ளேயே பூட்டி அனுப்பிவிடும். கூகுள் பேயோ போன்பேயோ அதைப் பார்க்க முடியாது.

யுபிஐ செயலியை முதன்முதலில் பதிவு செய்த நாளை நினைத்துப் பாருங்கள். ‘எஸ்.எம்.எஸ். அனுப்பி உங்கள் எண்ணைச் சரிபார்க்கிறோம்’ என்று ஒரு சக்கரம் சுற்றியிருக்கும். அனுப்பிய மெசேஜ்களைத் தேடினால் எழுத்தும் எண்ணும் குழம்பிய, யாருக்கும் புரியாத ஒரு எஸ்.எம்.எஸ். கிடைக்கும். அந்த சிம், அந்த போன், அந்தக் கணக்கு மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டியது அதுதான். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும். முதலிலிருந்து பதிய வேண்டும். புதிதாகப் பதிந்தவருக்கு முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. டூப்ளிகேட் சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். ஓடாது. வாடிக்கையாளர்கள் எரிச்சலோடு திட்டும் இந்தத் தாமதங்கள், உங்கள் நம்பரை இன்னொருவன் கைப்பற்றினால் நீங்கள் விழித்துக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம்.

இது முதல் கட்டம். அடுத்தது ‘ரிஸ்க் ஸ்கோர்’. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு மதிப்பெண். இந்த ஆள் வழக்கமாக இந்த நேரத்தில் பணம் அனுப்புவாரா? இந்தத் தொகை இவருக்குப் புதிதா? பத்து நிமிடம் முன்னால் மதுரையில் இருந்த போன் இப்போது ஜார்க்கண்டில் இருப்பதாகச் சொல்கிறதே, எப்படி? ஒரே மணி நேரத்தில் ஏழாவது தடவையா? போனின் பாதுகாப்புப் பூட்டுகள் உடைக்கப்பட்டிருக்கின்றனவா? திரையை வேறு யாராவது தொலைவிலிருந்து பார்க்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வி சும்மா வந்ததில்லை. ‘எனி டெஸ்க்’ செயலியை இறக்கச் சொல்லி, அதன் வழியே போனுக்குள் புகுந்து பணத்தை உருவுகிறார்கள் என்று 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது.

நுணுக்கமான அமைப்புகள் இன்னும் உள்ளே போகின்றன. நீங்கள் எழுத்துகளைத் தட்டும் வேகம், போனைப் பிடிக்கும் சாய்வு, ஒரு பக்கத்தில் தயங்கி நிற்கும் நேரம் எல்லாமே அவற்றுக்குத் தரவு. சொந்தச் செல் நம்பரை யாரும் ஒரே மூச்சில் தட்டிவிடுவார்கள். யாரோ சொல்லச் சொல்ல அடிக்கும் கணக்கு எண் இரண்டு இரண்டு இலக்கமாக, விட்டு விட்டு வரும். அந்த இடைவெளியை இயந்திரம் கவனிக்கிறது. இஸ்ரேலின் பயோகேட்ச் போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாக வைத்திருக்கின்றன.

இதையெல்லாம் கேட்டால் உளவு பார்ப்பதுபோல் இருக்கலாம். இருபத்தைந்து வருடம் முன்பு நம்மூர் வங்கிக் கிளையில் கவுன்டருக்குப் பின்னால் இருந்த கேஷியரும் இதைத்தான் செய்தார். “என்னம்மா, திடீர்னு இவ்வளவு எடுக்கறீங்க, வீட்ல ஏதாவது விசேஷமா?” என்று அவர் கேட்டதும் ஒரு ரிஸ்க் ஸ்கோர்தான். அந்தக் கேள்வி வாடிக்கையாளருக்குக் காதில் விழுந்தது, அதற்கு அவர் பதில் சொல்ல முடிந்தது. இயந்திரம் போடும் மதிப்பெண் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஓடிபி செய்த நன்மையும் தீமையும்

இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்டினால் கார்டு விவரத்துக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தலும் வேண்டும் என்ற விதியை 2009 ஆகஸ்ட் 1 முதல் ரிசர்வ் வங்கி அமல்படுத்தியது. நம் ஓடிபி கலாசாரத்தின் ஆரம்பம் அது. நல்ல முடிவு. கார்டு நம்பரைத் திருடியவனுக்கு அதோடு வழி அடைபட்டது.

அமெரிக்காவில் அப்படி ஒரு பூட்டு இல்லை. கார்டு நம்பரைத் தட்டினால் பொருள் வீட்டுக்கு வந்துவிடும். அதனால் அங்கே வியாபாரம் செய்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே தரவைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2000-ம் ஆண்டு வாக்கில் பேபால் நிறுவனம் மோசடிகளில் பணத்தைத் தண்ணீராக இழந்துகொண்டிருந்தபோது, அதை நிறுவியவர்களில் ஒருவரான மேக்ஸ் லெவ்சின் குழு சந்தேகப் பரிவர்த்தனைகளை வடிகட்டித் தரும் மென்பொருளை எழுதியது. தங்களைக் கிண்டல் செய்துகொண்டே திருடிய ஒரு பேர்வழியின் பெயரால் அதற்கு ‘இகோர்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகம் முழுக்க கார்டு பரிவர்த்தனைகளுக்குப் பயன்படும் ‘3டி செக்யூர்’ முறையின் புதிய பதிப்பில், கடையிலிருந்து வங்கிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விவரங்கள் போக முடியும்: பொருள் போய்ச் சேரும் முகவரி, உலாவியின் மொழி, திரையின் அளவு, அந்தக் கடையில் உங்கள் கணக்குக்கு எத்தனை வயது என்பது வரை.

நம் வங்கிகளுக்கு ஓடிபி என்ற பூட்டு கைவசம் இருந்தது. அதனால் அதற்கு அப்பால் பார்க்கும் அவசரம் வரவில்லை. ஓடிபி சரியாக இருந்தால் ஆளும் சரி, நோக்கமும் சரி என்று கொண்டுவிட்டார்கள். திருடர்கள் அதற்குள் வேறு பாதை பிடித்தார்கள். ஆரம்பத்தில் “உங்க ஏ.டி.எம். கார்டு மேல இருக்கற பதினாறு நம்பர் சொல்லுங்க சார்”. பிறகு கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராத சலான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. என்ற செயலிக் கோப்பு; தொட்டால் அது போனுக்குள் குடியேறி எஸ்.எம்.எஸ்.களைத் திருடனுக்குத் திருப்பிவிடும். இப்போது அதுகூட வேண்டாம். பயமுறுத்தினால் போதும், உரிமையாளரே பின் நம்பரைப் போட்டு அனுப்பிவிடுகிறார்.

ஆளை உறுதி செய்யும் எந்தப் பூட்டும் இந்த மோசடியைப் பிடிக்காது, ஏனென்றால் ஆள் உண்மையானவர். அவருடைய பழக்கம் மாறியிருப்பதைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். தனிப்பட்ட தரவுக்கு இந்தத் துறையில் இருக்கும் நியாயம் இந்த ஒன்றுதான். நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

போய்ச் சேரும் இடத்தில்

டீச்சரின் 9 லட்சம் நேராகத் திருடன் கணக்குக்குப் போவதில்லை. நடுவில் வாடகைக் கணக்குகள். போலீஸும் வங்கியும் இவற்றை ‘மியூல் அக்கவுன்ட்’ என்கிறார்கள். கல்லூரிப் பையன், கூலி வேலைக்காரர், கடையை மூடிய சிறு வியாபாரி என யாரையாவது பிடித்து, சில ஆயிரம் கொடுத்து, பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு மூன்றையும் வாங்கிக்கொள்வார்கள். வந்த பணம் சில நிமிடங்களில் ஐந்தாகப் பிரியும். அது ஐம்பதாகச் சிதறும். நாடு முழுவதும் 700-க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் சுமார் எட்டரை லட்சம் வாடகைக் கணக்குகள் இருப்பதாக 2025 ஜூனில் சி.பி.ஐ. சொன்னது.

அனுப்புகிறவர் பக்கம் ஏமாந்த மனிதர் இருக்கிறார். பெறுகிறவர் பக்கம் வடிவம் அப்பட்டமாகத் தெரிகிறது. மாதக்கணக்கில் தூங்கிய கணக்கு ஒரே நாளில் விழிக்கும். வந்த பணம் அரை மணி நேரம்கூடத் தங்காது. இருபது கணக்குகளை ஒரே போன் இயக்கும். இதைப் பிடிக்கத்தான் பெங்களூரில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் ‘மியூல்ஹன்டர்.ஏஐ’ என்ற கருவியை உருவாக்கியது. 2024 டிசம்பர் நிதிக் கொள்கை அறிவிப்பில் அதன் பெயர் அடிபட்டது. தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் செல் நம்பர்களுக்கே ஆபத்து மதிப்பீடு கொடுக்கத் தொடங்கியது. புகார்களில் அடிபட்ட நம்பர்கள் நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று மூன்று தட்டுகளில் விழும். மிக அதிகம் என்றால் போன்பே அந்தப் பரிவர்த்தனையையே மறுத்துவிடுகிறது. இந்த மதிப்பீட்டைத் தங்கள் அமைப்புகளில் இணையுங்கள் என்று 2025 ஜூன் 30-ல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்தியது.

கருவி இருந்தும் வேகம் போதவில்லை. டிஜிட்டல் அரெஸ்ட் வழக்கைத் தானாக முன்வந்து எடுத்த உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பர் 1-ல் நாடு முழுவதற்குமான விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. இத்தகைய கணக்குகளைக் கண்டுபிடித்து முடக்க செயற்கை நுண்ணறிவை ஏன் பயன்படுத்தவில்லை என்று ரிசர்வ் வங்கியை நோக்கியும் கேட்டது. கணக்குத் திறந்து கொடுத்த வங்கி ஊழியர்களின் பங்கையும் தோண்டச் சொல்லியிருக்கிறது. மியூல் கணக்கும் கே.ஒய்.சி. எனும் அடையாளச் சரிபார்ப்பு இல்லாமல் திறக்கப்படுவதில்லை. அங்கேயும் ஆதார், பான், புகைப்படம் எல்லாம் வாங்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே தரவு, திருடன் கையில்

டிஜிட்டல் அரெஸ்ட் செய்கிறவன் பேச்சை எப்படி ஆரம்பிக்கிறான்? உங்கள் முழுப் பெயர், ஆதாரின் கடைசி நான்கு இலக்கம், வீட்டு முகவரி, சில சமயம் எந்த வங்கியில் டெபாசிட் இருக்கிறது என்பது வரை சொல்லித்தான். ‘இவ்வளவு தெரிந்திருக்கிறதே, போலீஸாகத்தான் இருக்கும்’ என்று மனம் நம்புகிற அந்த நொடியிலேயே பாதிப் பணம் போன மாதிரி.

அந்த விவரம் எங்கிருந்து வருகிறது? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், 2024 செப்டம்பரில் டெலிகிராம் சாட்பாட்கள் மூலம் யார் கேட்டாலும் கிடைக்கும் நிலையில் இருந்தன. பெயர், போன், முகவரி, மருத்துவ அறிக்கை வரை. 3 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரம் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொல்லிக்கொண்டான். சைபர் தாக்குதலுக்கு ஆளானதை நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

பெங்களூரில் நடந்தது இன்னும் மோசம். சொத்துப் பத்திரப் பதிவின்போது வைத்த கைரேகைகள், கர்நாடக அரசின் பதிவுத்துறை இணையதளத்தில் பத்திர நகல்களோடு சேர்ந்தே கிடைத்தன. அவற்றை இறக்கி, ரேகையைப் பிரதியெடுத்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் ‘ஏ.இ.பி.எஸ்.’ முறையில் 2023-ல் பலர் கணக்குகளைச் சுரண்டினார்கள். அந்த முறைக்கு ஓடிபி கிடையாது. ஆதார் எண்ணும் விரலும் போதும். பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றலாம், விரலை எப்படி மாற்றுவது? ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதைச் செய்துவிடலாம்.

பெயர், பிறந்த தேதி, அம்மா பெயர், ஆதார் எண் ஆகியவை ஏற்கெனவே ஊர்ச்சொத்து. இவற்றைக் கேட்டு ஆளை உறுதி செய்யும் கஸ்டமர் கேர் இன்னும் இருப்பது வெட்கக்கேடு. பாதுகாப்புக்கு உதவுவது போனின் முடிச்சும் பணம் அனுப்பும் பழக்கமும். அவற்றைத் திருடிக் கொண்டுபோனாலும் இன்னொருவன் எளிதில் நடிக்க முடியாது. எனவே மோசடித் தடுப்பு என்ற பெயரில் கண்டதையும் கேட்பவர்களைச் சந்தேகிக்க வேண்டும். டார்ச் லைட் செயலிக்கு எதற்கு கான்டாக்ட் லிஸ்ட்? கடன் செயலிகள் போனின் கான்டாக்ட், கால் பட்டியலைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே தடை போட்டதும் இதனால்தான்.

குறைவாக வைத்திருப்பதே பாதுகாப்பு என்பதற்கு நம்மிடமே நல்ல முன்னுதாரணம் உண்டு. 2022 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் கடைகள் உங்கள் கார்டின் 16 இலக்க எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு ‘டோக்கன்’ மட்டுமே. கடையின் கணினியை உடைத்தாலும் திருடனுக்கு வேறெங்கும் செல்லாத ஓர் எண்தான் கிடைக்கும். அமலுக்கு வருவதற்கு முன் வியாபாரமே படுத்துவிடும் என்று வணிகர்கள் பதறினார்கள். படுக்கவில்லை.

வீட்டுக்கு ஒரு போன் இருக்கும் ஊரில்

இயந்திரம் ஓர் ஆள், ஒரு போன், ஒரு பழக்கம் என்று உலகத்தைப் பார்க்கிறது. நம் வீடுகள் அப்படி இல்லை. அப்பாவின் கணக்கை திருப்பூரில் இருக்கும் மகன் தன் போனில் வைத்திருப்பான். ஊரக வேலைத் திட்டச் சம்பளம் வரும் அக்காவின் கணக்குக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியின் நம்பர்தான் கொடுத்திருக்கும். ஆறு மாதம் துபாயிலும் ஆறு மாதம் ராமநாதபுரத்திலும் இருப்பவரின் இடக்குறி ‘சாத்தியமில்லாத பயணம்’ என்று சிவப்பாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்ட ராத்திரி ஒரு மணிக்கு நகைக்கடன் பணத்தை அனுப்புகிறவரின் பழக்கமும் அன்று மாறித்தான் இருக்கும்.

2025 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் முதன்முறையாக மாதத்துக்கு 2,000 கோடியைத் தாண்டின. நொடிக்கு ஏழாயிரத்துக்கும் மேல். பத்தாயிரத்தில் ஒன்றை மட்டும் இயந்திரம் தவறாக நிறுத்தினாலும் மாதம் 20 லட்சம் நிரபராதிகள் கவுன்டரில் நிற்பார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்து என்று எளிதாகச் சொல்லிவிட முடியாதது இதனால்தான்.

கணக்கு முடக்கம் இன்னொரு கொடுமை. யாரோ ஒருவனிடம் திருடிய பணத்தில் சில நூறு ரூபாய் பத்துக் கை மாறி உங்கள் கடை கியூ.ஆர். கோடுக்கு வந்திருக்கும். எங்கோ வட மாநிலத்து சைபர் போலீஸிடமிருந்து வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் வரும். மொத்தக் கணக்கும் லாக். பிரியாணிக் கடைக்காரர் அரிசி மண்டிக்குக் கொடுக்க வைத்திருந்த பணமும் சேர்ந்து மாட்டும். எந்த ஸ்டேஷன், என்ன புகார் என்று கேட்டால் கிளை மேலாளருக்கே தெரியாது. 2024-ல் இப்படி ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டுக் கணக்கை இயங்க விடுங்கள் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு தெரிந்த கிளைகள் எத்தனையோ!

தரவு உன்னிடம், நஷ்டம் என்னிடமா?

2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. முக்கியமான கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆனால், குற்றத்தைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் பயன்படும் தரவுக்கு 17-வது பிரிவு பெரிய விலக்குக் கொடுக்கிறது. பத்திரமாக வைத்திருக்கும் கடமை மட்டும் நீடிக்கும். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், அதைத் திருத்து என்று கேட்கும் உரிமை அங்கே செல்லாது. திருடனுக்கு உஷார் கொடுக்கக் கூடாது என்ற காரணம் நியாயம்தான். அதே வரி, தவறாகச் சிவப்பு மை குத்தப்பட்டவரின் வாயையும் அடைக்கிறது.

பொறுப்பு விஷயத்தில் நம் விதி ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வந்தது. நீங்கள் அனுமதிக்காத பரிவர்த்தனை, மூன்றாம் ஆளின் தவறால் நடந்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை என்றது அது. தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பாரமும் வங்கியுடையது. படிக்க இனிக்கும். டீச்சர் மாதிரி ஏமாந்து தானே அனுப்பியவர்களிடம் “நீங்கள்தானே ஓடிபி போட்டீர்கள்?” என்று ஒரே கேள்வியில் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் நிலைமை வேறு. ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, பெற்றுக்கொண்ட வங்கி பாதி. இந்த இரண்டாவது பாதியில்தான் சூட்சுமம். மோசடிக் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கிக்கும் வலிக்கும்போது, வாடிக்கையாளரின் தரவை அது உண்மையாகவே பார்க்கத் தொடங்கும்.

2025 செப்டம்பர் 25-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய அங்கீகார விதிகளின் அமல் தேதி 2026 ஏப்ரல் 1. விதிகளைப் பின்பற்றாமல் நடந்த பரிவர்த்தனையால் நஷ்டம் என்றால் வங்கி மறுபேச்சில்லாமல் முழுதாக ஈடு செய்ய வேண்டும் என்கிறது அது. இடம், நடத்தை, போனின் தன்மை, பழைய பரிவர்த்தனைகள் ஆகியவற்றை வைத்து ஆபத்தை மதிப்பிடலாம் என்றும் சொல்கிறது. மதிப்பிட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையை அடைக்காத வரை டீச்சரின் 9 லட்சத்துக்கு அந்த விதியில் பதில் இல்லை. என் இடம், என் நேரம், என் விரல் நடை அத்தனையையும் பாதுகாப்பு என்ற பெயரில் வாங்கிக்கொள்ளும் நிறுவனம், பாதுகாக்கத் தவறிய நாளில் சாதாரணப் பார்வையாளராக ஒதுங்கி நிற்க முடியாது. எடுத்தால் பொறுப்பும் எடுக்க வேண்டும். முடியாதென்றால் எடுக்கக் கூடாது.

அதுவரை செய்ய வேண்டியது: பணம் போனது தெரிந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், பணம் இரண்டாவது, மூன்றாவது கணக்குக்குச் சிதறுவதற்குள் நிறுத்த அதுதான் வழி. வங்கிக்கும் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். அந்தப் புகாரில் ‘என் பணத்தை மீட்டுத் தாருங்கள்’ என்பதோடு நிற்காமல் நான்கு கேள்விகள் சேருங்கள். அந்தப் பரிவர்த்தனை நேரத்தில் என் போன், இடம், பழைய பழக்கம் பற்றி உங்கள் அமைப்பு என்ன பார்த்தது? எச்சரிக்கை எழுந்ததா? எழுந்தும் ஏன் அனுமதித்தீர்கள்? பணம் பெற்ற வங்கிக்கு எத்தனை மணிக்குத் தகவல் கொடுத்தீர்கள்? 30 நாளில் பதில் வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ, அதே காகிதத்தோடு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. உதவி எண் 14448.